பங்காளிக் காய்ச்சல்

என் மகளுக்கு வெளிக்குப் போவது வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் பேச்சு இருக்காது. மஞ்சளாக இருந்தால் என் பெண்டாட்டி அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். எனக்கு அதுவே சேதி. இருந்தாலும் வேலைக்குப் புறப்படும் முன் நானும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வெள்ளைக் களிமண் மாதிரி இருந்தால் பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்று அர்த்தம். மூத்திரம் கடுஞ்சாயா நிறத்தில் போகும். கண் மஞ்சளாகும். வலது விலாவுக்குக் கீழே வலி என்று சுருண்டு படுப்பாள். பிறகு குளிர்காய்ச்சல். சில வாரத்தில் தானாகத் தெளியும். தெளிந்தது என்று நாங்கள் நம்ப ஆரம்பிக்கும்போது மறுபடி வரும். மூன்று வயதில் பிடித்தது.

அறுபதுகளில் நடந்தது இது. போர்ட் பிளேருக்கு வடக்கே பெரார்கஞ்சில் அப்போது ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தக் கேங்கில் மஸ்தூர், கூலியாள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன். ரோட்டோரம் தகரக் கூரை போட்ட லைன் வீடு. தண்ணீர் டிரம்மில் வரும், அதையும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

காய்ச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அரிப்பைப் பொறுக்க முடியாது. பித்தம் ரத்தத்தில் கலந்தால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று போர்ட் பிளேரில் டாக்டர் சொன்னார். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவோம். கையில் துணிப்பை கட்டிவிடுவோம். அவள் சுவரில் முதுகைத் தேய்ப்பாள். எங்கள் லைனில் சுவரும் தகரம். பிள்ளை முதுகு தேய்க்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெங்காலியின் வயல் இருந்தது. வயலுக்கு நடுவில் குளம். பிரிவினையில் அகதியாக வந்தவர்களுக்குச் சர்க்கார் நிலம் கொடுத்திருந்தது, மாடு கொடுத்திருந்தது. குளத்தை அவனே வெட்டினான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். என் பெண்டாட்டி அவனை அவர் என்பாள். நான் அவன் என்றே எழுதுகிறேன். அவன் தன் ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன் என்று அவள் சொல்வாள். நானும்தான் விட்டுவிட்டு வந்தேன். விட்டுவர என்னிடம் அதிகம் இருக்கவில்லை, அவ்வளவுதான். அவன் வரப்பில் நின்று நாற்றைப் பார்ப்பான். நான் ரோட்டில் நின்று ஜல்லியைப் பார்ப்பேன். அது அவனுடைய நாற்று. ஜல்லி என்னுடையது இல்லை.

எங்கள் ஆட்களுக்குப் பெங்காலி என்று வாயில் வராது. பங்காளி என்பார்கள். பங்காளி வயல், பங்காளி கடை. கேட்டுக் கேட்டு நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அரிப்புத் தாங்காமல் மகள் ரோட்டைத் தாண்டி ஓடி அவன் குளத்தில் இறங்கிவிட்டாள். கழுத்து வரைக்கும் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். அவன் துரத்தவில்லை. படித்துறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டுக் கயிறு முறுக்கினான். அதற்குப் பிறகு தினமும் போனாள். குளத்தில் ஊறினால் அரிப்பு அடங்கியது. அடங்கினால் பசித்தது. பசித்தால் அங்கேயே சாப்பிட்டாள்.

எங்கள் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு கஞ்சிதான். எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, நெய் கூடாது. கொழுப்பு சேர்த்தால் வலி வரும். தேங்காய் இல்லாமல் குழம்பு வைக்க என் பெண்டாட்டிக்குத் தெரியாது. உப்பும் மிளகும் போட்ட கஞ்சி, சர்க்கரை போட்ட கஞ்சி, மறுபடி உப்புக் கஞ்சி. பிள்ளை கிண்ணத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பும். அவர்கள் வீட்டில் நோயாளிக்கு என்றே ஒரு மீன் குழம்பு உண்டு. குளத்துச் சேற்றில் கிடக்கிற மாகுர், நம் ஊர்க் கெளுத்தி ஜாதி. அதைப் பச்சை வாழைக்காயோடு மஞ்சள், சீரகம் போட்டுத் தண்ணியாகக் கொதிக்க வைப்பார்கள். எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது. அதில் சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து, அவன் உருட்டிக் கொடுப்பான். அவள் சாப்பிடுவாள்.

மருந்திலும் அதே கதை. நான் கீழாநெல்லியைத் தேடிப் பிடுங்கி வந்து அரைத்துக் கொடுத்தால் என் சட்டையிலேயே துப்புவாள். அவன் நிலவேம்பு உருண்டை கொடுத்தால் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவாள். நிலவேம்பு கீழாநெல்லியைவிடக் கசப்பு. நான் தின்று பார்த்தேன்.

அவனை ஜேட்டா என்று கூப்பிட்டாள். அர்த்தம் என்ன என்று கேட்டேன். பெரியப்பா என்றாள் என் பெண்டாட்டி. அப்பனுக்கு மூத்தவன். அப்படியானால் என் வீட்டு விஷயத்தில் நான் இளையவன்.

அவனுக்குச் சொந்தப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். நாலும் நல்ல பிள்ளைகள், நோய்நொடி இல்லாதவை. நாலு இருக்கிறவன் என்னுடைய ஒன்றிலும் கை வைக்கிறானே என்று எனக்கு இருந்தது. கேங்கில் என்னோடு ஜல்லி அள்ளுகிற திருநெல்வேலிக்காரன் ஒருத்தன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். மகள் பெங்காலியின் தோளில் உட்கார்ந்து வரப்பில் போவதை நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிக்காரன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஓய் மாப்ளே, ஒம்ம மவளுக்கு வந்திருக்கது பித்தக் காய்ச்சல். ஒமக்கு வந்திருக்கது பங்காளிக் காய்ச்சல். அவளுக்காவது ஊசி இருக்கு."

கேங்கே சிரித்தது. நான் மண்ணை அள்ளினேன்.

மழைக்கு முன்னால் ஒருதரம் காய்ச்சல் கடுமையாக வந்து போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் விலாவுக்குக் கீழே விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, பித்தக் குழாய் வீங்கிப் பையாகியிருக்கும், மெயின்லேண்டுக்குப் போய் ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி இருக்கிறது என்றார். விட்டால் ஈரல் கெட்டுவிடும். ஆனால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு கப்பல் ஏற்ற முடியாது, சதை பிடிக்கட்டும் என்றார். டாக்டர் பேசியதைக் கம்பவுண்டர் எனக்கு இந்தியில் சுருக்கமாகச் சொன்னார். கலேஜா கராப் ஹோ ரஹா ஹை. கலேஜி என்றால் ஈரல் என்று கறிக்கடையில் தெரிந்த சொல். மகளின் கலேஜா கெட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் மண்டையில் ஏறிவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வேறு எதுவும் ஓடவில்லை.

ஊருக்கு வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். பெங்காலி என் மகளைத் தோளில் தூக்கி வந்து ரோட்டில் இறக்கிவிட்டான். கேங் முழுவதும் அங்கே இருந்தது. அவள் தலையைத் தடவி, "ஆமார் கொலிஜா" என்றான்.

கொலிஜா. கலேஜா. என் பிள்ளையை நோயைச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று எனக்குப் பட்டது. நொண்டியை நொண்டி என்று கூப்பிடுகிற மாதிரி. அதுவும் எல்லோர் முன்னாலும். நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இந்திதான். அதில் என்னென்ன திட்டலாமோ திட்டினேன். இன்னொருதரம் அந்தச் சொல் வாயில் வந்தால் பல் இருக்காது என்றேன். எந்தச் சொல் என்று அவனுக்குப் புரியவில்லை. சட்டையைப் பிடித்தது புரிந்தது. அவனும் ரோஷக்காரன். கையைத் தட்டிவிட்டான்.

"உன் சாமான், நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தான்.

மகள் அவன் பின்னால் ஓடப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் என் பெண்டாட்டி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் களைந்த தண்ணீரை வடித்தாள்.

"அவரு தன் பிள்ளைங்களையும் அப்பிடித்தாங்க கூப்பிடுவாரு. நாம கண்ணுங்கிறோம், தங்கம்ங்கிறோம். அவங்களுக்குக் கொலிஜா. நம்மூர்லயும் ஈரக்கொலையேன்னு பிள்ளையக் கட்டிக்கிட்டு அழுவாங்கல்ல, அதுதான்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லயே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சந்தோஷமா படப்போறீங்க?"

அவள் சொன்னது சரி. அவன் கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் என் மகளை அந்த மாதிரி ஒரு சொல்லால் கூப்பிட்டதே இல்லை. ஏ புள்ள என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் அப்பாவும் என்னை ஏலே என்றுதான் கூப்பிட்டார்.

அவன் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. குளம் இல்லாமல் அரிப்பு ஏறியது. ஈரச் சாக்கை மடித்து அவள் முதுகில் போட்டுப் பார்த்தோம். அரிப்பு இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பெண்டாட்டி தானே மாகுர் வாங்கி அந்தக் குழம்பை வைத்தாள். மகள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இது அது இல்லை என்றாள். மழை பிடித்தபோது அவளுடைய முழங்கால் தொடையைவிடப் பெரிதாகத் தெரிந்தது. போர்ட் பிளேருக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் தராசில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எடை இறங்கியிருக்கிறதே, முன்பு என்ன சாப்பிட்டாள் என்றார். சொன்னேன். யார் கொடுத்தது என்றார். அதையும் சொன்னேன். சரியான சாப்பாடுதான், அதையே கொடுங்கள், இப்படியே போனால் கப்பலுக்கு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வயலுக்குப் போனேன். அவன் முழங்கால் சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அவன் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இங்கே ரோடு கிடையாது, ரோட்டுக்காரா. வழி தவறிட்டியா?"

"சாப்பிட மாட்டேங்குது" என்றேன்.

"யாரு?"

"ஒனக்குத் தெரியும்."

"தெரியாது. யாரோட பொண்ணு?"

"என் மக."

"உன் மகதானே. அதை நான் எப்போ இல்லேன்னேன்?"

அந்தச் சொல்லைப் பற்றி நான் தப்பாக நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் அப்படியே குத்தி வைத்தான். வாய்க்காலில் கை கால் கழுவினான். எனக்கு முன்னால் என் வீட்டுக்கு நடந்தான். நடவு நாளில் பாதி வயலை விட்டுவிட்டு நடந்தான். அதுவும் எனக்கு உறுத்தியது. என் வேலையை அப்படிப் பாதியில் விட்டுவர என்னால் முடியாது, பெயர் வெட்டிவிடுவார்கள்.

அவனைப் பார்த்ததும் மகள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படி எழுந்தது எனக்கு நினைவில்லை.

மழைக்காலம் முழுக்க அங்கே சாப்பிட்டாள். சாயங்காலம் நான் போய் அழைத்து வருவேன். வேலியோரம் நிற்பேன், உள்ளே போக மாட்டேன். அவன் பெண்டாட்டி உட்காரச் சொல்வாள். நிற்கிறேன் என்பேன். உள்ளே மகள் பெங்காலியில் கதை பேசுவது கேட்கும். வீட்டில் அவ்வளவு பேச மாட்டாள். அவன் பிள்ளைகளோடு சண்டை போடுவாள், அடிப்பாள், அவன் இவள் பக்கமே தீர்ப்புச் சொல்வான். பிறகு வாசலில் என்னைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டு வந்து என் விரலைப் பிடிப்பாள்.

தராசு முள் நகர்ந்தது. டாக்டர் கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, என் தோளில் தட்டி நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

பெண்டாட்டி நிறைமாதம். அதனால் நான்தான் மகளை மெட்ராஸுக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. கப்பலன்று துறைமுகத்துக்கு அவனும் வந்தான். ஒரு மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றி உயிர் மாகுர் போட்டு எடுத்து வந்திருந்தான். அந்த மீன் கொஞ்சம் தண்ணீரிலேயே நாள்கணக்கில் சாகாது. மேலே ஈரச் சாக்கு. வாழைக்காய் ஒரு சீப்பு. மகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவனும் விடவில்லை. அவன் கண் சிவந்திருந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு கையில் அவள், ஒரு கையில் டின், இப்படி ஏணி ஏறினேன். மேலே போனதும் டின்னைக் கடலில் கவிழ்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கவிழ்க்கவில்லை. மீன் நல்ல மீன்.

கப்பலில் சமையல் செய்கிற பண்டாரி மலையாளி. பிள்ளையின் கண்ணைப் பார்த்துவிட்டு அடுப்பில் ஒரு மூலை கொடுத்தார். சமையல் எனக்குப் பழக்கமில்லை. மஞ்சள் அதிகமாகிவிட்டது. முள் எடுக்கத் தெரியாமல் மீனைப் பிய்த்துக் கூழாக்கினேன். மகள் தின்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தின்றாள். கப்பல் ஆட்டத்தில் ஒருதரம் எல்லாம் வெளியே வந்தது. மறுபடி வைத்துக் கொடுத்தேன். கேட்டுத் தின்னவில்லை. ஆனால் தின்றாள். அவன் கண்ணில் படாத இடத்தில், என் கையில் தின்றாள். கரை வராமல் இன்னும் கொஞ்சம் ஓடினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எல்லோரும் தமிழ் பேசினார்கள். என் மகள் தமிழும் இந்தியும் பெங்காலியும் கலந்து பேசுவதைக் கேட்டு வார்டில் சிரித்தார்கள். ரத்தம் உறைவதற்கு என்று தினமும் ஊசி போட்டார்கள். பிறகு ஆபரேஷன். பித்தக் குழாயில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய பை இருந்ததாம். அதைத் திறந்து குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறோம், பித்தம் இனி அந்த வழியாக இறங்கும் என்று பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வாய்க்காலுக்குப் புது மடை வெட்டுகிற மாதிரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகும் அவள் வாயைத் திறக்கவில்லை. குளுக்கோஸ் தண்ணீரைத் துப்பினாள். நர்ஸ்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். இறங்கவில்லை என்றால் தையல் சேராது, பிள்ளை தேறாது என்றார்கள். என்னை வெளியே வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே விடுவதற்கு நேரம் உண்டு.

ஒரு நர்ஸ் வந்தாள். வயசானவள், கடுகடுப்பானவள்.

"கொழந்த ஜேட்டா ஜேட்டான்னு கத்துது. யாருய்யா அது? அப்பாவா?"

வராந்தாவில் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

"ஆமா" என்றேன். "நான்தான்."

"அப்ப வா. நேரம் இல்லாட்டியும் பரவால்ல."

உள்ளே போனேன். மகள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். நான் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். கிண்ணத்தையும் கரண்டியையும் என் கையில் கொடுத்தாள்.

கரண்டியை உதட்டில் வைத்தேன். உதடு பிரியவில்லை. ஏ புள்ள என்றேன். குடி என்றேன். அம்மா சொல்லுச்சு என்றேன். கண் மூடியே இருந்தது. கொலிஜா என்று சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். அது என் வாயில் வரவில்லை. அது அவன் சொல்.

நர்ஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் குனிந்து மகள் காதில் சொன்னேன்.

"ஜேட்டா குடிக்கச் சொன்னாரு."

கண் திறந்தது.

"எப்ப?"

"கப்பல் ஏறும்போது. ஆபரேஷன் முடிஞ்சதும் ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாரு. நான் மறந்துட்டேன்."

அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. துறைமுகத்தில் அவன் வாயைத் திறந்தால் அழுதுவிடுவான் போல இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறந்தாள். ஊற்றினேன். விழுங்கினாள். அடுத்த கரண்டிக்கு மறுபடி வாய் மூடியது. மறுபடி சொன்னேன். ஒவ்வொரு கரண்டிக்கும் அவனைச் சொன்னேன். கிண்ணம் காலியானது. மறுநாளும் சொன்னேன். கஞ்சி கொடுக்க ஆரம்பித்த பிறகும் சொன்னேன். நர்ஸ் என்னை ஜேட்டா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை.

அவள் பிழைத்தாள். நோய் முழுவதும் போகவில்லை. பித்தக் குழாயில் சீழ் பிடித்து வருஷத்தில் ஒருதரமாவது குளிர்காய்ச்சல் வரும். உடனே ஆஸ்பத்திரி, உடனே ஊசி. எண்ணெய் இன்றைக்கும் அளவுதான். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அவள் இப்போது போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் இருக்கிறாள். காய்ச்சல் என்றால் இரண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்புவாள். இரண்டுக்கும் ஒரே ஆள்தான் வருவான். பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் லைன் கிட்டே, பெங்காலி வீட்டுக்கு இன்னும் வரப்பில் நடக்க வேண்டும். அதனால் எனக்கு முதலில் தெரியும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, அவனுக்காகக் காத்திருக்காமல், வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவேன்.